நடுக்கல்

தெருமுனைச் சுவரை இடித்து மெயின் ரோட்டோடு தெருவைச் சேர்க்க வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவரே சலூன்காரர்தான். முடிவெட்ட உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் மனுவில் கையெழுத்து வாங்கினார். கழுத்தருகே கத்தி இருக்கும்போது யார் மறுப்பார்கள்? மனு பலித்தது. ரோடு வந்தது. நேராக அவர் கடைக்குள்ளேயே வந்தது.

புது ரோட்டின் நடு இதுதான் என்று சர்வேயர் ஒரு கல் நட்டுப் போயிருந்தார். அதிலிருந்து இருபுறமும் சம அளவு எடுப்பார்கள். இடப்புறம் சலூன்; பாதி போகும் என்றார்கள். வலப்புறம் அவருடைய அக்கா வீடு. கல்லை நாலு முழம் வலப்புறம் தள்ளினால் கடை பிழைக்கும், அக்கா வீட்டு மதில் போகும். மதில்தானே என்று சலூன்காரர் மனசைத் தேற்றிக்கொண்டார். நேற்று மழைக்குத் தெருவே உள்ளே ஒடுங்கியிருந்தபோது கல்லுக்குக் கால் முளைத்தது.

இன்று சர்வேயர் நாடாவோடு வந்தபோது சலூன்காரர் முதலில் கல்லைத்தான் பார்த்தார். நேற்று அவர் நகர்த்தி வைத்த இடத்தில் கல் இல்லை. பழைய இடத்திலும் இல்லை. அதையும் தாண்டி, அவர் கடைப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தது. எதிர் மதிலில் சாய்ந்தபடி அக்கா புருஷன் பல் குத்திக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்தால் திருடன். மூடினால் கடை காலி.

சர்வேயரின் சிவப்புக் கோடு வாசலைத் தாண்டியது. சுழல்நாற்காலியைத் தாண்டியது. கண்ணாடியை எட்டியது. வெளியே பொக்லைன் உறுமியது.

"சார்! கல்லு தப்பான இடத்துல இருக்கு!" என்று கத்திவிட்டார் சலூன்காரர்.

"உமக்கு எப்படித் தெரியும்?"

"அதானே, மாப்ளே," என்றார் அத்தான். "கல்லு என்ன காலாற நடந்தா போச்சு?"

சர்வேயர் குனிந்து ஈரமண்ணைப் பார்த்தார். "இதை அசைக்க நாலு பேராவது வேணுமே. யாருய்யா இவ்வளவு மெனக்கெடுவாங்க?"

"நாலு பேர் எதுக்கு சார்?" அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. "அடியில கடப்பாரையக் குடுத்து ஒரு நெம்பு. ஒத்த ஆள் போதும்."

"கடப்பாரையே வேணாம் சார்," சலூன்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. "ஈரத்துல ரெண்டு ஆட்டு ஆட்டினா கையோட வந்துடும்."

பொக்லைன் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அப்போதுதான் இருவருக்கும் தாங்கள் சொன்னது காதில் விழுந்தது.

சர்வேயர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு தெருக்கோடிச் சிறுபாலத்துக்கு நடந்தார். "இங்கிருந்தும் அளவு இருக்கு. பாலத்தை யாரும் ஆட்டிப் பாக்கலையே?"

நாடா மறுபடி நீண்டு வந்தது. சலூன்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். புதுக்கோடு கண்ணாடியை விட்டது. நாற்காலியை விடவில்லை. மிஞ்சிய இடத்தில் ஒருவர் நிற்கலாம். உட்கார்ந்தவருக்கு முடிவெட்ட முடியாது. எதிரே அத்தானின் மதில் நூலிழையில் தப்பியது.

சலூன்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா வெளியே வந்தாள். தம்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "என் மதிலையாடா இடிக்கப் பாத்தே? உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன். இப்ப நாற்காலியத் தூக்கிட்டு வா. நம்ம முன்ரூம் இனிமே மெயின் ரோட்டுல இருக்கு."

"அங்க என் சோபா இருக்குடி!" என்று அலறினார் அத்தான். "அதை யாரு நகர்த்துறது?"

"ஏன், ஒத்த ஆள் போதும்னு சொன்னீங்களே," என்றாள் அக்கா. "கடப்பாரை வேணுமா?"