இடது பக்கத்துச் சாக்கப்சர்

சூசைமேரி டீச்சரைச் செக்காலைக் கல்லறையில் அடக்கம் செய்த சாயங்காலமே அவள் புருஷனுடைய சிவப்புக் காரில் ஏறி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். தப்பு புருஷன் அருளானந்தம் மேல்தான். சாவுக்கு வந்த இடத்தில் யாரும் யாரையும் ‘வா’ என்று சொல்வதில்லை, சொல்லிக்கொண்டு கிளம்புவதுமில்லை. காரைக்குடியில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. மனுஷன் அன்றைக்கு எங்கே சுயநினைவில் இருந்தார்! கல்லறை வாசலில் நின்ற காரின் இடது கதவைப் பழக்கத்தில் திறந்து பிடித்து, “வா, போவோம்” என்றுவிட்டார். கார் இடது பக்கமாக ஒரு அமுங்கு அமுங்கியது. நின்ற சனமெல்லாம் பார்த்தது. குழி வெட்டியவர்தான் முதலில் வாயைத் திறந்து, “டீச்சர் ஏறிட்டாக, கதவச் சாத்துங்க சார்” என்றார்.

அது ரெண்டே சீட்டு உள்ள பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். சிங்கப்பூருக்குக் குடிபோன ஒருவரிடம் வாங்கியது. டீச்சர் அதற்கு வைத்த பேர் சக்களத்தி. “இவரு பூசைய விட்டாலும் விடுவாரு, சக்களத்தியக் குளிப்பாட்டாம இருக்கமாட்டாரு” என்று பள்ளிக்கூடம் பூராவும் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் காரில் குலுக்கலைத் தாங்கும் சாக்கப்சர்கள் விசேஷமானவை. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு திருகு இருக்கும். ரோட்டுக்குத் தகுந்தபடி இளக்கலாம், இறுக்கலாம். வருஷம் போகப் போக எண்ணெய் கசிந்து, திருகை எங்குட்டுத் திருப்பினாலும் ஒன்றுதான் என்று ஆகிப்போனது. அந்த நேரம் பார்த்துத்தான் டீச்சருக்கு எலும்பில் புற்று வந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்கு வாடகைக் கார் பிடிக்கலாம் என்றால் கேட்கவில்லை, அடுத்தவர் காரில் ஏறினால் அவளுக்குக் குமட்டும். “சக்களத்தி மடியிலயே போயிருவோம்ங்க” என்றாள். போன வழியெல்லாம் குழிக்குக் குழி, “மாதாவே, மெதுவாங்க” என்று பல்லைக் கடித்தாள். அருளானந்தம் புதுச் சாக்கப்சருக்கு வெளிநாட்டுக்குச் சொல்லிவிட்டு, இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று வாசலையே பார்த்துக் கிடந்தார். டீச்சர் செத்த முப்பதாம் நாள் பூசைக்கு வீடே கிளம்பிக்கொண்டிருந்த காலையில் பெட்டி வந்து சேர்ந்தது. அதைப் பிரிக்காமலே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

அப்புறமாவது மாட்டியிருக்கலாமே என்றால், அதற்கும் காரணம் இருந்தது. டீச்சர் காரைவிட்டு இறங்கி வீட்டுக்குள் வருவதில்லை. காருக்குள்ளும் பேச்சுவார்த்தை கிடையாது. குழியில் சக்கரம் இறங்கும்போது மட்டும் இடது சீட்டிலிருந்து அதே குரல் வரும்: “மாதாவே, மெதுவாங்க.” முதலில் அருளானந்தம் பதறிப்போய், வளைத்து வளைத்துக் குழியை ஒதுக்கித்தான் ஓட்டினார். ஆனால் ஒற்றை ஆளுக்குச் சோறு வடித்து, ஒற்றை ஆளாகத் தின்று, டிவியோடு எத்தனை நாள் பேசுவது? ஒருநாள் கல்லல் ரோட்டுக்குப் போய்த் தெரிந்தே ஒரு குழியில் இறக்கினார். குரல் கேட்டது. கேட்டு அழுதார், நெஞ்சுக்குள் குளிர்ச்சியாகவும் இருந்தது. அதற்குப் பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. கல்லல் ரோட்டில் குழிகளை அடைத்தபோது ஊரே அப்பாடா என்றது, இவர் ஒருத்தர்தான் ஆத்தங்குடிப் பக்கம் வேறு குழி தேடிப் போனார்.

கல்லறைத் திருநாளுக்குக் கோயம்புத்தூரிலிருந்து மகள் வின்சி வந்தாள். கல்லறைக்குப் போகையில் சீட்டில் அம்மா இருந்ததால் அவள் ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். அப்பா நல்ல ரோட்டை விட்டுவிட்டு வேண்டுமென்றே குழியில் இறக்குவதைப் பார்த்தாள், அந்தக் குரலையும் கேட்டாள். ஸ்கூட்டரைக் குறுக்கே போட்டு மறித்துவிட்டாள். “அம்மாவ நோக வச்சாத்தான் உங்களுக்குப் பேச்சுத் துணையாப்பா? செத்தும் அந்த எலும்புவலி தீரக் கூடாதா அவகளுக்கு?” டீச்சருக்கு வலிக்கும் என்று அருளானந்தத்துக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்துதான் ஒவ்வொரு தடவையும் இறக்கினார்.

மறுநாள் சாக்கப்சர் பெட்டியை டிக்கியில் வைத்துக்கொண்டு சாக்கோட்டைப் பக்கம் பாண்டிமுருகனின் பட்டறைக்குக் கிளம்பினார். கடைசியாக ஒரே ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாமே என்று மனசு கிடந்து கெஞ்சியது. பாவி மனசே, சும்மா கிட என்று அதட்டி, ஒரு குழி விடாமல் ஒதுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். பாண்டிமுருகன் ஜாக்கி வைத்துத் தூக்கினான். இடது பக்கம் எழும்பவே இல்லை. “டீச்சர், செத்த இறங்கி அங்குட்டு நிழல்ல நில்லுங்க” என்றவன், ‘செத்த’ என்று சொன்னது காதில் விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். டீச்சர் ஒன்றும் நினைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கார் லேசாகி எழும்பியது. பழசைக் கழற்றி அமுக்கிக் காட்டினான், அமுக்கியது அமுங்கினபடியே கிடந்தது. புதுசை மாட்டிவிட்டு, திருகை எவ்வளவில் வைக்க என்று கேட்டான்.

அருளானந்தம் இடது சக்கரத்தைத் தொட்டுக் காட்டினார். “அவ பக்கம் நல்லா இளக்கி வச்சிரு. துளி அதிரக் கூடாது.”

“ரொம்ப இளக்கினா தொட்டில் கணக்கா ஆடும் சார்.”

“ஆடட்டும்.”

இளக்கிவிட்டு, “ஏறிக்கங்க டீச்சர்” என்று பாண்டிமுருகனே கதவைத் திறந்துவிட்டான். திரும்பி வருகையில் எதிரே லாரி வந்து, ஒதுங்க இடமில்லாமல் கார் ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறியது. அருளானந்தம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு முனகல்கூட இல்லை. காரை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்து, அடக்கத்தன்று அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதார். இனி அந்தக் குரல் வராது. வராமல் இருக்கத்தானே இவ்வளவும் செய்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், அப்படியும் அழுகை நிற்கவில்லை.

கொத்து வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த சின்னக்கருப்பன், டீச்சரிடம் அஞ்சாப்புப் படித்தவன், காரைப் பார்த்துவிட்டு ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினான். “சார், காரைக்குடி வரைக்கும் ஏறிக்கிரவா?”

அருளானந்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இடது சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“இடமில்லப்பா” என்றார். “டீச்சர் இப்பத்தான் கண்ணசந்திருக்கா. எத்தன மாசத்துக்குப் பெறகு தூங்குறா.”

சின்னக்கருப்பன் தட்டிய கையை இழுத்துக்கொண்டான். “எழுப்பிராதீக சார்” என்று கிசுகிசுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.