கூட்ஸுக்குப் பச்சைக்கொடி

மாமா ரயில்வே கேட்காரர். கேட்டை ஒட்டியே அவருடைய வீடும் வயலும். கேட் மூடியிருக்கும்போது யாரையும் அவர் சும்மா நிற்க விட்டதில்லை. "வண்டி வர்றதுக்கு நேரமிருக்கு, அந்த ஓரத்துல கொஞ்சம் களையப் பிடுங்கிப் போடுங்களேன்" என்பார். வண்டி போனதும் கை நிறையக் கத்தரிக்காய் கொடுத்து அனுப்புவார். கோட்டுப் போட்ட மாப்பிள்ளை ஒருவர் முழங்கால் சேற்றோடு தன் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். ஊரில் மாமா வயலில் களையெடுக்காத ஆள் கிடையாது. அவர் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது, பங்காளி போனதுபோல எல்லோரும் அழுதார்கள்.

அத்தை அழவில்லை. பேசவும் இல்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். என் கேள்விக்கும் தலையாட்டல்தான்.

வீட்டில் மாடு ஒன்று இருந்தது. பெயர் கூட்ஸ். சரக்கு வண்டி மாதிரியே கிளம்ப மனசு வராது, கிளம்பினாலும் நடுவழியில் நின்றுவிடும். மாமா ஒற்றைமாட்டுக் கலப்பையைப் பூட்டி, அதன் கண்ணெதிரே டியூட்டிப் பச்சைக்கொடியை ஆட்டுவார். அப்புறம்தான் அது நகரும். அந்தக் கொடியை ரயில்வே ஆபீஸ் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து கூட்ஸ் ஏர் இழுக்கவில்லை.

மழை வரப்போகிறது. தண்டவாளத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் நாடா மாதிரி வயல், டிராக்டர் நுழையாது.

"உழாத மாட்டுக்குத் தீனி போட்டு என்னக்கா செய்யப் போறீங்க? இன்னிக்கும் நகரலேன்னா நான் பிடிச்சிட்டுப் போறேன்" என்றார் மாட்டுத் தரகர்.

அத்தை தலையாட்டினாள். ஆனால் மாட்டின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

விஷயம் பரவி ஊரே வயலுக்கு வந்துவிட்டது. டீக்கடைக்காரர் தன் பச்சைத் துண்டை ஆட்டினார். யாரோ ஒருவர் மகளின் பச்சைப் பாவாடையை ஆட்டினார். கூட்ஸ் அசைபோட்டது. கடைசியில் புது கேட்காரர் நிஜக் கொடியோடு ஓடி வந்தார்.

"சீக்கிரம் பாருங்கண்ணே, மேலதிகாரி பார்த்தா என் வேலை போயிடும்."

கொடி ஆடியது. விசிலும் ஊதினார். கூட்ஸ் நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது.

"இன்ஜின் தண்ணி விடுது. கிளம்பிடும்" என்றார் டீக்கடைக்காரர். கிளம்பவில்லை.

தரகர் பெருமூச்சு விட்டபடி கலப்பையைக் கழற்றக் குனிந்தார்.

"ஏங்க!" என்று ஒரு சத்தம். எல்லோரும் திரும்பினோம். அத்தை வானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு அறிவிருக்கா? மாட்டுக்குப் போய் யாராவது கொடி காட்டிப் பழக்குவாங்களா? நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க, இங்க ஊரே பாவாடையத் தூக்கிக்கிட்டு நிக்குது!"

கூட்ஸ் துள்ளிப் புறப்பட்டது. கலப்பையோடு தரகரும் போனார்.

"விட்டுடாதய்யா, அழுத்திப் பிடி!" என்று கத்திய டீக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "தினம் அவர் உழப்போகும்போது அக்கா கொல்லையில நின்னு, சாப்பிடாமப் போறீங்களேன்னு கத்துவாங்களே! இந்த மாடு கொடிக்கா நகர்ந்துச்சு? இந்தத் தொண்டைக்குப் பயந்துல்ல ஓடியிருக்கு! அக்கா, நிறுத்தாதீங்க, திட்டுங்க!"

அத்தை திட்டினாள். குறட்டையைத் திட்டினாள். வெந்நீரை வைக்கச் சொல்லிவிட்டுப் பச்சைத்தண்ணீரில் குளிப்பதைத் திட்டினாள். பாதி வயலில் அவளுக்குச் சரக்கு தீர்ந்தது. ஊர் எடுத்துக் கொடுத்தது.

"குடையத் தொலைச்சாரே, அத விட்டுட்டீங்க!"

"ஒரு குடையா? வாங்கினதெல்லாம் போச்சு!"

"ஆட்டுக்குட்டியக் குளிருதுன்னு கட்டில்ல படுக்க வச்சாரே!"

"என் போர்வையில!"

சிரிக்காதவர் யாருமில்லை. எனக்கே வயிறு வலித்தது. மழைக்காற்று வந்துவிட்டது. கடைசிச் சால்தான் மிச்சம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா என்ன?" என்று கேட்ட அத்தைக்குக் குரல் உடைந்தது. வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை நாள் வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது.

கூட்ஸ் பாதிச் சாலில் நின்றுவிட்டது. அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போடா கண்ணு" என்றாள் மெதுவாக. அது காதைக்கூட அசைக்கவில்லை.

முகமெல்லாம் சேறாக, மேழியைப் பிடித்தபடி நின்ற தரகர் தொண்டையைச் செருமினார்.

"போன மனுஷன விடுங்கக்கா, பாவம். என்னத் திட்டுங்க."

அத்தை எழுந்தாள்.

"யோவ், நீ எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுய்யா என் மாட்டக் கேக்க வந்தே?"