நடுவில் நிற்பவர்

எங்கள் குடோனில் நீளமான மெஷின் பெட்டி வந்தால் ஆறு பேர் தூக்குவோம். முன்னால் இருவர், பின்னால் இருவர், நடுவில் இருவர். முன்னும் பின்னும் நிற்கிறவர்கள் மூச்சைப் பிடித்து எழுந்துவிட்டால் நடுவில் நிற்கிறவன் சும்மா கையை வைத்திருந்தாலே போதும். பாரம் அவனிடம் அவ்வளவாக வராது. சூப்பர்வைசருக்கு இது தெரியாது. பெட்டிக்கு மேலே ஆறு தலை தெரிந்தால் அவருக்குச் சரி.

மழை தொடங்கிய சமயத்தில் என் தங்கச்சி புருஷன் லாரியில் ஏறச் சாய்த்துப் போட்ட பலகையில் சறுக்கி விழுந்தார். இடுப்பில் அடி. நடப்பார், குனிவார், பழையபடி கிண்டலும் பேசுவார். பாரம் மட்டும் ஏற்ற முடியவில்லை. வெளியே சொன்னால் வேலை போய்விடும். அதனால் குடோன் முன்வாசலில் வேலை பார்க்கும் எங்கள் செட்டில் யாரும் யாரையும் கேட்காமலே மச்சானை நடுவில் விட்டுவிட்டோம். அவரும் எல்லோரையும்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு தூக்குவார். சில நாள் எங்களைவிட அதிகமாகவே முக்குவார். எனக்குச் சிரிப்பை அடக்குவது பாரத்தை அடக்குவதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சூப்பர்வைசர் வந்து, திங்கட்கிழமையிலிருந்து முன்வாசல் செட்டையும் பின்வாசல் செட்டையும் கலந்து போடப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எந்த லாரி யாருக்கு என்று இரண்டு செட்டும் ஓயாமல் முட்டிக்கொள்வது அவருக்குச் சலித்துவிட்டது. அன்றைக்கு மச்சான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. வேறு செட்டுக்குப் புதிதாகப் போகிறவன் பின் மூலையில்தான் நிற்க வேண்டும், அது இங்கே பழக்கம். பலகையில் ஏறும்போது பாரமெல்லாம் பின் மூலைக்குத்தான் சாயும்.

இரண்டு செட்டும் ஒன்றாகப் போய்ப் பேசினால் சூப்பர்வைசர் கேட்பார் என்று எனக்குத் தோன்றியது. பின்வாசலில் எல்லோரும் கேட்பது, மீசை என்று நாங்கள் கூப்பிடுகிறவன் சொல்வதைத்தான். எனக்கும் மீசைக்கும் ஆகாது. ஆனாலும் போய்ச் சொன்னேன். செட்டைக் கலைப்பது அவனுக்கும் பிடிக்கவில்லை, உடனே சரி என்றான். மச்சான் விஷயத்தை மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. அது பின்வாசலுக்குப் போனால் ஆபீஸ் வாசலுக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் தகரக் கொட்டகையில் கூடினோம். பாக்கிங் பெண்களும் வந்தார்கள், என் தங்கச்சியும் அவர்களோடு வந்தாள். தனித்தனியாகப் போனால் நீ யார் கேட்க என்பார்கள், எல்லோருக்குமாக ஒரு பெயர் வைத்து எழுதிப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று முடிவாயிற்று. பெட்டியில் குறி போடும் பிரஷையும் ஓர் அட்டையையும் என் கையில் கொடுத்தார்கள்.

நான் சங்கம் என்றேன். நாற்பதைத் தாண்டி எழுத்துப் படித்தவன் நான். லாரியில் பின்னால் உட்கார்ந்து போகும்போதெல்லாம் சுவரில் இருப்பதைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். அப்படி நிற்காமல் முழுசாகப் படித்த முதல் வார்த்தை அது. மீசை ஒத்துக்கொள்ளவில்லை. சங்கம் என்றால் தலைவர் ஒருத்தர் வருவார், பிறகு அவருக்குக் கார் வரும், அதற்குப் பிறகு அவருக்கு நம் முகம் மறந்துபோகும், முன்பு வேலை செய்த இடத்தில் கண்ணால் பார்த்தவன் நான் என்றான். கூட்டமைப்பு என்று வைக்கலாம், அவரவர் செட்டு அவரவருக்கு இருக்கும், சேர வேண்டிய நேரத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்றான். யாரோ கூட்டணி என்றார்கள். தேர்தல் முடிந்ததும் கலைந்துபோவதற்கா என்று எல்லோரும் சிரித்தார்கள். பேரவை என்றால் நாற்காலி வேண்டும், நமக்கு உட்காரச் சாக்குகூட இல்லை என்றார் மச்சான். பாக்கிங் பெண்கள் குழு போதும் என்றார்கள். குழு என்றால் நாலு பேர் நிற்பதுபோல இருக்கிறது என்று நானும் மீசையும் சேர்ந்து மறுத்தோம். அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

பிறகு மறுபடியும் சங்கம், மறுபடியும் கூட்டமைப்பு. தங்கச்சி டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள்.

"புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே பேருக்கு அடிச்சுக்கற குடும்பத்த இப்பதாண்ணா பாக்கறேன்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது. அட்டை வெறுமனே இருந்தது. யாரும் ஆபீசுக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை மச்சானைப் பின்வாசலுக்குப் போட்டார்கள். நான் முன்வாசலில் சிப்பம் இறக்கிக்கொண்டிருந்தேன், கண் அங்கேயே இருந்தது. வந்த முதல் பாரமே மெஷின் பெட்டி. சூப்பர்வைசர் பலகைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மச்சான் பின் மூலைக்குப் போய்க் குனிந்தார். அவர் இடது கை ஒருமுறை இடுப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னாலும் வேலை போகும், தூக்கினாலும் போகும். கையில் சிப்பத்தோடு அங்கேயே நின்றேன்.

முன்னால் நின்ற மீசை கையை எடுத்துவிட்டுப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தான்.

"அது என் எடம். நீங்க நடுவுல வாங்க" என்றான்.

நடுவில் நின்றவன் கேள்வி கேட்காமல் முன்னால் போய்விட்டான். பெட்டி எழுந்து பலகையில் ஏறியது. மீசையின் கழுத்து நரம்பு எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. மச்சான் வழக்கம்போல முகத்தைச் சுளித்தார். சூப்பர்வைசர் அடுத்த லாரியைப் பார்க்கப் போனார்.

தண்ணீர் டிரம்மிடம் மீசையைப் பிடித்தேன். பிடித்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பாக்கற? எங்களுக்குக் கண்ணு இல்லயா?" என்றான். "உங்க செட்டுலயே அவரு கை கிளவுஸ் ஒண்ணுதான் கிழியாம இருக்கு. நீ வந்து பேசுனப்பவே எதுக்குன்னு தெரியும். நீயா சொல்லுவியான்னு பாத்தேன்."

"சொன்னா எங்க போய் நிக்குமோன்னு பயம்."

"இப்ப எங்க போய் நின்னுச்சு?"

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினான். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தான்.

"ஆனா பேரு கூட்டமைப்புதான். அதுல மாத்தமில்ல."

"மத்தியானம் பேசிக்குவோம். அட்டை என்கிட்டதான் இருக்கு" என்றேன்.