ஆடிக்கு முந்தின விலை

பாஞ்சாலிக்குத் தன் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய சுகம் இந்த உலகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. தலைக்கு மேலே மின்விசிறி, கைக்கெட்டும் தூரத்தில் காபி, கண்ணெதிரே புடவை அடுக்குகள். வாசலில் நுழைகிறவர்களில் பாதிப் பேரின் குடும்பக் கதை அவளுக்கு அத்துப்படி. பெங்களூர் காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் அந்தக் கடையின் போர்டில் 'ஜெயராமன் சாரீஸ்' என்று அவள் கணவரின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் வருகிறவர்கள் சொல்வது 'பாஞ்சாலி கடை'. ஜெயராமனுக்கு இதில் வருத்தம் கிடையாது. தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் பேரம் பேசத் தெரிந்த மனைவி வாய்த்த பிறகு, போர்டில் யார் பெயர் இருந்தால் என்ன?

அந்த சுகத்தில் மண் விழுந்தது, எதிர்வரிசையில் மூன்று மாடித் துணிக்கடை ஒன்று திறந்தபோதுதான். ஜூன் மாதமே அங்கே 'ஐம்பது சதவீதம்' என்று ஆள் உயரத்துக்கு எழுதித் தொங்கவிட்டுவிட்டார்கள். பாஞ்சாலியின் தம்பி ரவிக்குமார், கடையில் பாதிப் பங்குதாரன், அந்த போர்டைப் பார்த்துப் பார்த்தே இளைத்துப்போனான். சும்மா சொல்லக்கூடாது, உழைப்பாளிதான். ஆனால் ஒரு யோசனை மண்டைக்குள் புகுந்துவிட்டால் அதை வெளியே எடுக்க டாக்டர்தான் வரவேண்டும்.

"அக்கா, நாமளும் ஆடிக்கு முப்பது பர்சன்ட் போடறோம்" என்றான் ஒரு நாள்.

"முப்பதா? நமக்கு வர்ற லாபமே அவ்வளவு இல்லையேடா."

"அதுக்குத்தான் முன்னாடியே ரேட்டை ஏத்திடறது. ரெண்டாயிரம் ரூபா சாஃப்ட் சில்க்கை ரெண்டாயிரத்து எண்ணூறுன்னு போடு. ஆடி பொறந்ததும் அந்த ரேட்டை அடிச்சுக் காட்டி, அதுல முப்பது பர்சன்ட் குறை. கணக்கு போட்டுப் பாரு."

பாஞ்சாலி போட்டுப் பார்த்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது வந்தது. இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் வாங்குகிறவளுக்கு மிஞ்சுவது நாற்பது ரூபாய்.

"இது ஏமாத்து இல்லையா?"

"எல்லாரும் பண்றாங்கக்கா. எதிர்ல இருக்கறவன் என்ன, வீட்டை வித்தா ஐம்பது பர்சன்ட் குடுக்கறான்?"

ஜெயராமன் இரண்டு பக்கமும் தலையாட்டினார். அது அவர் வழக்கம். "எதுக்கும் நம்ம நோயல் வக்கீலை ஒரு வார்த்தை கேட்டுடு" என்று மட்டும் சொன்னார். நோயல் வக்கீல் கடைக்கு வாடிக்கையாளர். மனைவிக்குப் புடவை எடுக்க வந்தவரை ரவிக்குமார் மடக்கிக் கேட்டான். அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். உன் பொருளுக்கு நீ விலை ஏற்றுவது உன் இஷ்டம், அதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அந்த விலைக்கு நீ விற்றதே இல்லை என்றால், 'இதற்கு முன் இந்த விலை' என்று எழுதி அடித்துக் காட்டுவது வாங்குகிறவரைத் திசைதிருப்புகிற வேலை. நுகர்வோர் சட்டத்தில் அது முறையற்ற வணிகம். யாராவது புகார் கொடுத்தால், அந்த விலைக்கு எப்போது விற்றாய், யாருக்கு விற்றாய் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

வக்கீல் சொன்னதில் ரவிக்குமாரின் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும். ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை ஏற்றிய விலையிலேயே விற்பது. யாராவது ஒருவர் வாங்கிவிட்டால் போதும், அது உண்மையான விலை ஆகிவிடும். அன்றைக்கே சாஃப்ட் சில்க் புடவைகளில் புதுச் சீட்டு ஏறியது. பாஞ்சாலிக்குச் சிரிப்புதான் வந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் சீட்டைத் திருப்பிப் பார்ப்பதும், புடவையை மெல்லக் கீழே வைப்பதும், "ஸ்வல்ப ஜாஸ்தி ஆய்து" என்று அதிக விலையைக் கன்னடத்தில் முனகிக்கொண்டு நகர்வதுமாக இருந்தார்கள். எந்தப் பைத்தியக்காரி வாங்குவாள், ஆடி வரும், இவன் கிறுக்கு இறங்கும் என்று விட்டுவிட்டாள். அங்கேதான் அவள் கோட்டைவிட்டாள்.

ஆஞ்சலா டீச்சர் பாஞ்சாலியின் சிநேகிதி. ரிச்சர்ட்ஸ் டவுனில் வீடு. இரண்டு பேரும் பிள்ளைகளை ஒரே பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் பழக ஆரம்பித்தவர்கள். கிறிஸ்துமஸ் கேக் இங்கே வரும், பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் அங்கே போகும். ஆஞ்சலாவின் மகள் ஜூலியாவுக்கு ஆகஸ்ட் கடைசியில் கல்யாணம். நெருங்கிய பெண்கள் ஆறு பேர் ஒரே மாதிரி மயில்கழுத்து நிற சாஃப்ட் சில்க் கட்டுவது என்று முடிவாகி, மே மாதமே வந்து பார்த்து வைத்துவிட்டாள். விலை கேட்டபோது பாஞ்சாலிதான் அவள் வாயைப் பொத்தினாள்.

"இப்ப விலையைக் கேக்காதே. ஆறு பீஸும் உனக்குன்னு எடுத்து வைக்கறேன். ஆடி பொறக்கட்டும், வா. நல்லா குறைச்சுத் தர்றது என் பொறுப்பு."

ரவிக்குமாரின் யோசனை பிறப்பதற்கு முன்பு கொடுத்த வாக்கு அது. ஆஞ்சலாவுக்கு என்று தனியாகப் போட்டுக்கொடுத்தால் போயிற்று என்று பாஞ்சாலி பிற்பாடும் நிம்மதியாகத்தான் இருந்தாள்.

ஆனால் பெங்களூரில் ஆடி எப்போது பிறக்கிறது என்பது அவ்வளவு சுலபமான விஷயமில்லை. கன்னடக்காரர்களுக்கு ஆஷாடம் அமாவாசைக் கணக்கில் வரும். தமிழ் ஆடி பெரும்பாலும் அதற்குப் பிந்தித்தான் பிறக்கும். இரண்டிலும் கல்யாணம் கிடையாது, இரண்டிலும் தள்ளுபடி உண்டு என்பதால், இரண்டும் ஒரே மாதத்தின் இரண்டு பெயர்கள் என்று இந்த ஊர்த் தமிழர்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேதக்கோவிலுக்குப் போகிற ஆஞ்சலாவுக்கு ஆடியும் தெரியாது, ஆஷாடமும் தெரியாது. தள்ளுபடி தெரியும், அவ்வளவுதான். அடுத்த வீட்டு பாகீரதி, "ஆஷாட சுரு ஆய்து ரீ!" என்று மாதம் பிறந்துவிட்டதை மதிலுக்கு மேலாக அறிவித்ததும், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்றைக்கென்று பாஞ்சாலி மல்லேஸ்வரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். ஜெயராமன் பாங்குக்குப் போயிருந்தார். சாயங்காலம் அவள் வயிறும் மனசும் நிறைந்து கடைக்குத் திரும்பியபோது, ரவிக்குமார் லாட்டரி அடித்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"ஆறு பீஸ் போயிடுச்சுக்கா! ரெண்டாயிரத்து எண்ணூறுக்கே! இனி எந்தக் கோர்ட்டு வந்தாலும் பில் இருக்கு."

"ஆறா? யாருடா வாங்கினது?"

"நம்ம ஆஞ்சலா டீச்சர்."

பாஞ்சாலிக்கு வளைகாப்புச் சாப்பாடு தொண்டைக்கு வந்தது. "ஏண்டா, அவ ஒண்ணும் கேக்கலையா?"

ரவிக்குமார் தரையைப் பார்த்தான். "கேட்டாங்க. 'இது பாஞ்சாலி சொன்ன விலைதானே'ன்னாங்க. நான், 'இப்ப இதுதான் விலை டீச்சர்'ன்னேன். பொய் ஒண்ணும் சொல்லலையே?"

அவனை நாலு அறை அறையலாம் போல இருந்தது. அதைவிடத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. எந்தப் பைத்தியக்காரி வாங்குவாள் என்று சிரித்தாளே, அந்தப் பைத்தியக்காரி தன்னை நம்பிய சிநேகிதி. அவள் கேட்டது விலையைக்கூட அல்ல, பாஞ்சாலியின் பேச்சைத்தான். ஜெயராமன் வந்து, "பேசாம வித்தியாசத்தை ஏதாவது சாக்கு சொல்லித் திருப்பிக் குடுத்துடு. ஏன் எதுக்குன்னு சொல்லிக்கிட்டு இருக்காதே" என்றார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. கம்ப்யூட்டரில் தப்பு விழுந்துவிட்டது என்று சொன்னால் ஆஞ்சலா நம்பிவிடுவாள். நம்பிவிடுவாளே என்பதுதான் பாஞ்சாலியைப் போட்டு வாட்டியது.

மறுநாள் காலை அவள் ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனபோது ஆஞ்சலா வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "வா வா. பாகீரதிகிட்ட ஒரே பெருமை பேசிக்கிட்டிருக்கேன். பாஞ்சாலி இருக்கறப்போ எனக்கு எதுக்கு பெரிய ஷோரூம்னு." சோபாவில் உட்கார வைத்து, ஒரு கவரை மடியில் வைத்தாள். உள்ளே மயில்கழுத்துப் புடவை.

"இது எதுக்கு?"

"நல்லா கேக்கறே. ஆறு பேர்ல நீ ஒருத்தி. கல்யாணத்தன்னிக்கு எங்ககூட நிக்காம வேற யார்கூட நிப்பே?"

கம்ப்யூட்டர் பொய் அதற்குமேல் வாயில் வரவில்லை. பாஞ்சாலி அந்தக் கவரை மடியில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தம்பியின் யோசனை, வக்கீல் சொன்னது, ஏற்றிய சீட்டு, ஆடி இன்னும் பிறக்கவேயில்லை என்பது. "உன்னை ஏமாத்திட்டோம், ஆஞ்சலா. அவன் பண்ணினான்னு சொல்ல மாட்டேன். தெரிஞ்சும் நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

ஆஞ்சலா எழுந்துபோய் பில்லை எடுத்து வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தடவையாக அதைப் படித்தாள். அவள் முகம் சிவந்தது. பாஞ்சாலிக்கு இத்தனை வருஷத்துச் சிநேகிதம் ஒரு துண்டுச் சீட்டில் போய்விடும் போலிருந்தது.

"இந்த விலைக்கு வேற யார் வாங்கினாங்க?"

"யாருமே இல்ல."

"ஊர்லயே நான் ஒருத்திதான்?"

"ஆமா."

"கிளம்பு, கடைக்குப் போகலாம்" என்றாள் ஆஞ்சலா.

ஆட்டோ பிடித்துப் போனார்கள். கடைக்குள் டீச்சர் நுழைந்ததைப் பார்த்ததும் ரவிக்குமார் ஒரு புடவை அடுக்குக்குப் பின்னால் போகப் பார்த்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வந்து நின்றான். நாற்பத்தைந்து வயது ஆள்.

"என்ன ரவி, என் பில்லை பத்திரமா வச்சிருக்கியாமே? யார் வாங்கினதுன்னு கேட்டா காட்டறதுக்கு."

"டீச்சர், அது வந்து, சட்டப்படி..."

"சட்டம் இருக்கட்டும். தாராளமா காட்டு. போர்டுலயே எழுதிடு. 'இந்த விலைக்கு ஆஞ்சலா டீச்சர் வாங்கினாங்க'ன்னு. ஆனா பாதியோட நிறுத்தாதே. 'எங்கக்கா பேச்சை நம்பினாங்க, அதனாலதான் சீட்டைக்கூடப் பாக்காம வாங்கினாங்க'ன்னு அதையும் சேர்த்து எழுது. அப்பத்தான் அது முழு உண்மை."

கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரவிக்குமாருக்கு அக்கா என்றால் உயிர். அக்காவின் பேச்சை விற்றுத்தான் அந்தப் பில்லையே போட்டிருக்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது அந்த மனிதனுக்கு. "மன்னிச்சுடுங்க டீச்சர்" என்றான்.

இரண்டு பக்கமும் தலையாட்டுகிற ஜெயராமன், ஆயுளில் முதல் தடவையாக ஒரே பக்கம் ஆட்டினார். கத்தரிக்கோலை எடுத்து புதுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தார். ரவிக்குமாரும் போய்ச் சேர்ந்துகொண்டான்.

"அப்ப ஆடிக்கு போர்டுல என்னக்கா எழுதறது?" என்று வெட்டிக்கொண்டே கேட்டான்.

"இருக்கற விலையை எழுது. அதுல பத்து பர்சன்ட் குறை. எதிர்க்கடைக்காரன் கத்தற அளவுக்கு நம்மால கத்த முடியாது, கத்தவும் வேண்டாம்."

பாஞ்சாலி கல்லாவில் உட்கார்ந்து ஆஞ்சலாவின் பில்லை ரத்து செய்துவிட்டு, ஆடி பிறக்காவிட்டாலும் பரவாயில்லை என்று பழைய விலையிலிருந்து பத்து சதவீதம் குறைத்துப் புதிதாகப் போட்டாள். மிச்சப் பணத்தை நீட்டினாள். ஆஞ்சலா பில்லைப் பார்த்துவிட்டு முறைத்தாள்.

"எதுக்குடி ஆறுக்கும் குறைச்சே? ஒண்ணு உனக்குக் குடுத்தது. கிஃப்டுக்கு விலை பாப்பாங்களா? அதை அந்த விலையிலேயே விடு."

"விடமாட்டேன். அது ஒண்ணு இருந்தா போதும், என் தம்பி அதையே சாட்சியா வச்சு போர்டு எழுதிடுவான்."

கத்தரிக்கோலோடு நின்ற ரவிக்குமார், "ஐயோ அக்கா!" என்று அலறினான். ஆஞ்சலா சிரித்தாள். அடக்கமாகச் சிரிக்கத் தெரியாதவள், தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான், நேற்று சாயங்காலத்திலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது பாஞ்சாலிக்கு. ஒரு காபி சொல்லி அனுப்பினாள். பிறகு யோசித்து, நாலாகச் சொன்னாள்.