தேடிப் போகாத பதவி

கிரிம்ஷா சாரின் வரலாற்று வகுப்பில் ஒரு சுவர் முழுக்கப் புகைப்படங்கள். எல்லாவற்றிலும் ஒரே காட்சிதான்: மில்டன் ஃபோர்க் உயர்நிலைப் பள்ளியின் வாசற்படி, சுற்றிலும் பனி, நடுவில் மேல்கோட்டு இல்லாமல் மூக்குச் சிவக்க நின்று பேசும் ஒரு பிள்ளை. ஒவ்வொரு ஜனவரியிலும் பதினோராம் வகுப்பு தனக்கென்று ஒரு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும். ஜெயித்தவர் படியில் நின்று பதவியேற்பு உரை நிகழ்த்த வேண்டும். தோற்றவர் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஜெயித்தவரின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும்.

கோட்டைக் கழற்றும் வழக்கம் ஹாரிசனால் வந்தது. நம்ம ஒஹாயோவில் குடியிருந்து ஜனாதிபதியாகப் போன மனிதர். பதவியேற்பு அன்று கொட்டும் குளிரில் கோட்டுப் போடாமல் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் பேசினார். ஒரு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். குளிரால்தானா என்று மருத்துவர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். கிரிம்ஷா சாருக்கு அந்தச் சண்டையெல்லாம் வேண்டாம். "கோட்டு இல்லாம நிக்க வெச்சாத்தான் நீங்க சுருக்கமாப் பேசுவீங்க" என்பார்.

அந்தச் சுவரில் ஓர் ஆணி காலியாக இருந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ரோவீனா டெக்கர் அந்த ஆணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வருடம் அதில் அவள் சிநேகிதி ஹாட்டி லூமிஸ் தொங்கப்போகிறாள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ரோவீனா தோற்றாள்.

அந்த ஒரு ஓட்டு யாருடையது என்பதுதான் ரோவீனாவின் வயிற்றில் நெருப்பாகக் கிடந்தது. அவளுடையதே! யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதுபோல, சீட்டில் 'ஹாட்டி' என்று எழுதி மடித்துப் போட்டவள் அவள்.

ஏன் என்று கேட்டால், பழைய உரைகளைப் படித்ததால் வந்த வினை. தேர்தலுக்கு முந்திய வாரம் சார் ஒரு வேலை கொடுத்திருந்தார். ஒவ்வொரு ஜனாதிபதியின் உரையிலும் 'நான் இதற்குத் தகுதியானவனா' என்று தயங்கும் இடத்தைத் தேடிக் கோடு போட வேண்டும். வாஷிங்டன், செய்தி கேட்டுக் கலங்கிப்போனேன் என்கிறார். ஜெஃபர்சன், இந்த வேலை என் திறமைக்கு மிஞ்சியது என்கிறார். ரோவீனாவுக்குக் கோடு போடப் போடக் கண் கலங்கியது. பெரிய மனிதர்கள் கை நீட்டுவதில்லை, பதவிதான் அவர்களைத் தேடி வருகிறது என்று மனத்தில் பதிந்துவிட்டது.

வகுப்பில் ஹாட்டிதான் சிரித்தாள்.

"சார், ஜெஃபர்சன் அந்தப் பதவிக்காக எவ்வளவு அடிச்சுக்கிட்டாருன்னு போன வாரம்தான சொன்னீங்க? ஜெயிச்சப்புறம் எல்லாரும் அடக்கம்தான்."

வகுப்பே சிரித்தது. ரோவீனாவுக்கு அது நாகரிகமாகப் படவில்லை. தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்வது அதைவிட அநாகரிகம். தான் ஹாட்டிக்குப் போட்டால் ஹாட்டி தனக்குப் போடுவாள், சரிக்குச் சரி என்று நம்பினாள். ஹாட்டி அப்படிப் போட்டாளா? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க. மறுநாளிலிருந்து நடைபாதையில் எல்லாரும் ஹாட்டிக்கு சல்யூட் அடித்தார்கள். சாப்பாட்டு வரிசையில் பரிமாறும் அம்மாள் அவள் தட்டில் மட்டும் உருளைக்கிழங்கு வறுவலைக் குவித்தாள். "மேடம் பிரசிடெண்ட், இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க!" பின்னால் நின்ற ரோவீனாவின் தட்டில் எண்ணி எடுத்ததுபோல் நாலு துண்டு விழுந்தது. வறுவலுக்கெல்லாம் பொறாமைப்படுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் பொறாமை போகவில்லை.

பதவியேற்புக்கு முதல் நாள் மாலை ஹாட்டி அவளைத் தன் அப்பாவின் டயர் கடைக்குக் கூட்டிப்போனாள். ரப்பர் நாற்றத்துக்கு நடுவில், டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து உரையை நீட்டினாள்.

"கொஞ்சம் படிச்சுச் சொல்லுடி. இந்த விஷயத்துல உன்னை விட்டா யாருக்குத் தெரியும்?"

ரோவீனா படித்தாள். பாதி, சாதாரணம். நூலகத்தை மாலையில் திறந்து வைக்க வேண்டும், பேருந்து நேரத்துக்கு வர வேண்டும் என்ற வழக்கமான பாட்டு. ஆனால் முதல் வரி அவளைச் சுட்டது: 'இது எனக்கு வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.' அவ்வளவுதான். சுற்றி வளைப்பு இல்லை. கோடு போட்டுப் படித்த அத்தனை பேரில் ஒருவருக்கும் வராத வரி. படியில் நின்று இதைச் சொன்னால் ஊரே நிமிர்ந்து உட்காரும். ரோவீனாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததால்தான் பென்சிலை எடுத்தாள்.

"இது வேண்டாம். அலையற மாதிரி இருக்கு."

"அப்படியா?"

"யாருமே இப்படி ஆரம்பிச்சதில்லடி. சார் முகம் சுளிப்பாரு." வரியை அடித்தாள். அடித்த இடத்தின்மேல், தேர்தல் வாரம் முழுக்கப் பாத்திரம் கழுவும்போது தனக்காகவே செதுக்கிவைத்திருந்த வரியை எழுதினாள்: 'என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இருக்க, இந்தப் பதவியை நான் தேடிப் போகவில்லை, இது என்னைத் தேடி வந்தது.'

ஹாட்டி வாய்விட்டுப் படித்தாள். "அழகா இருக்குடி!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்த வரி ஹாட்டியின் வாயில் ஒட்டாது, எல்லாரும் உள்ளுக்குள் சிரிப்பார்கள் என்று ரோவீனாவுக்குத் தெரியும். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. படுத்த பிறகுதான் கொஞ்சம் உறுத்தியது. புரண்டு படுத்தாள்.

மறுநாள் வெயில் இருந்தது, சூடுதான் இல்லை. பெற்றோர்கள், கடைக்காரர்கள், தீயணைப்பு நிலையத்து ஆட்கள் எல்லாரும் காகிதக் கோப்பையில் காப்பியோடு வந்து நின்றார்கள். ஹாட்டி கோட்டைக் கழற்றி ரோவீனாவின் மடியில் போட்டாள். உள்ளே அவள் அம்மாவின் மஞ்சள் சட்டை, தோள் தொளதொளவென்று தொங்கியது. கிரிம்ஷா சார் புத்தகத்தை நீட்ட, கை வைத்து உறுதிமொழி எடுத்தாள். பிறகு காகிதத்தைப் பிரித்தாள்.

படி, படி என்று ரோவீனா மனத்துக்குள் உந்தினாள்.

"என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இருக்க…" ஹாட்டி ஆரம்பித்தாள். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். டயர் கடை லூமிஸ் தன் மகளைப் புரியாமல் பார்த்தார். ஹாட்டி நிறுத்தினாள். காகிதத்தை மடித்து இடுப்புப் பையில் செருகினாள்.

"இந்த வரி என்னுது இல்லைங்க. என் சிநேகிதி குடுத்தது. ரொம்ப அழகான வரி. ராத்திரி கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்துருச்சு. நான் தேடாம இது வரலை. தேடிப் போனேன். ஆசைப்பட்டேன். சீட்டுல என் பேரைத்தான் எழுதினேன்!"

பிறகு தீயணைப்பு ஆட்கள் பக்கமிருந்து ஒரு விசில். அப்புறம் சிரிப்பும் கைதட்டலுமாக வாசலே அதிர்ந்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அழுதேன் என்று ஒத்துக்கொண்ட பிள்ளைக்கு ஊரே பால் ஊட்டும்போலிருக்கிறது. அப்படியென்றால் எனக்குப் போடவே இல்லை என்று நினைத்தாள் ரோவீனா.

ஹாட்டி இன்னும் முடிக்கவில்லை. திரும்பி நாற்காலியைக் காட்டினாள்.

"அந்த வரியைச் சொல்லத் தகுதியான ஆள் ஒருத்திதான் இருக்கா. எதையும் தனக்குன்னு கேக்காதவ. ரோவீனா, எந்திரிடி!"

கைதட்டல் இவள் பக்கம் திரும்பியது. கீழே இவள் அம்மா கைக்குட்டையை எடுத்துவிட்டாள். ரோவீனா எழுந்தாள், வேறு வழி? இரண்டு கையிலும் ஹாட்டியின் கோட்டு. மூன்று வருடமாக ஓர் ஆணிக்கு ஏங்கியவளை, நேற்றுப் பென்சிலால் சிநேகிதியின் வாயை அடைக்கப் பார்த்தவளை, ஆசையே இல்லாதவள் என்று ஊர் கொண்டாடியது. உண்மையை ஹாட்டி எடுத்துக்கொண்டாள். பொய்யை இவள் தலையில் கிரீடமாக வைத்துவிட்டாள். அந்தக் கணம் ரோவீனா அவளை வெறுத்ததுபோல் யாரையும் வெறுத்ததில்லை. ஆனாலும் தலையைச் சாய்த்துப் புன்னகைத்தாள், ஜெஃபர்சனைப் போல.

உரை முடிந்து புகைப்படமும் எடுத்தாயிற்று. ஹாட்டி பல் தந்தியடிக்க நாற்காலிக்கு ஓடிவந்தாள்.

"கோட்டைக் குடு, உறையுது!"

ரோவீனா கொடுக்கவில்லை. "எனக்கு ஒண்ணு சொல்லணும்."

"குடுத்துட்டுச் சொல்லுடி!"

"நான் என் சீட்டுல உன் பேரை எழுதினேன். அந்த ஒரு ஓட்டு என்னுது."

குத்த வேண்டும் என்றுதான் சொன்னாள். ஹாட்டியின் முகம் தொங்கிப்போகும் என்று காத்திருந்தாள். ஹாட்டி கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு அவளைச் சாதாரணமாகப் பார்த்தாள்.

"தெரியும். நீ எனக்குத்தான் போடுவேன்னு முன்னாடியே தெரியும். நீ எப்பவும் அப்படித்தான?"

ரோவீனாவின் நாகரிகத்தைக்கூட ஹாட்டி கணக்கில் சேர்த்துத்தான் வைத்திருந்தாள்.

"எனக்கும் அது வேணும்டி," என்றாள் ரோவீனா கடைசியில். "ரொம்ப வேணும். உன்னைப் பார்த்தா வயிறு எரியுது."

ஹாட்டி சிரிக்கவில்லை. "இதை அன்னிக்கே வகுப்புல சொல்லியிருந்தா, நானே உனக்குப் போட்டிருப்பேன்."

போட்டிருப்பாளோ, மாட்டாளோ. ரோவீனா கோட்டை உதறி விரித்து அவள் தோளில் போட்டாள். பொத்தான்களை அவளே மாட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.