முடிவைப் பற்றி அவள் சொன்னது

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடித்தது. அதற்கு முன்பே அவன் விழித்திருந்தான். இருந்தாலும் அது அடித்து ஓயட்டும் என்று படுத்திருந்தான். எழுந்து பல் தேய்த்தான். பால் பாக்கெட்டின் முனையைக் கத்தரித்து, பாதியைப் பாத்திரத்தில் ஊற்றி, மீதிக்கு கிளிப் மாட்டி ஃபிரிட்ஜில் வைத்தான். பால் பொங்கும் வரை அடுப்புப் பக்கத்திலேயே நின்றான். ஒரு டம்ளர் டீ, முந்தின நாள் ரொட்டியில் இரண்டு துண்டு. சட்டைக்கு இஸ்திரி போட்டபோது காலர், கை, முன்பக்கம் என்று தேய்த்து முதுகை விட்டுவிட்டான். வேலையிடத்தில் மேலே வெள்ளைக் கோட்டு வந்துவிடும். காஸை மூடினான். மூடியதைத் தொட்டுப் பார்த்தான். ஏழு இருபத்தைந்து பஸ்ஸைப் பிடித்தான்.

மனைவி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. "எப்படிப்பா இருக்கே?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "இருக்கேன்" என்றான். அதில் பொய் எதுவும் இல்லை. இந்த நான்கு மாதத்தில் அவன் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஒரு புத்தகத்தைப் பற்றி.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில் வாசகர் கூட்டம் ஒன்று நடந்து வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, பன்னிரண்டு பேர். கடைக்காரர்தான் செயலாளர். அவன் மனைவி அதில் ஓர் உறுப்பினர். அவள் பகலில் கூரியர் அலுவலகத்தில் பார்சல்களை எடை போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அதே எடையில் புத்தகம் படிப்பவள். கடந்த ஒரு வருடமாக அவர்கள் படித்துக்கொண்டிருந்தது மூன்று பாகக் கற்பனைக் காவியம் ஒன்றை. எழுதி அறுபது வருடம் ஆகியும் அச்சில் இருக்கும் கதை. கூட்டத்தில் அதைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, 'பெரிய புத்தகம்' என்றால் போதும். நாட்டை இழந்த ராஜா ஒருவன் மலைகளையும் பேசும் பறவைகளையும் தாண்டி வந்து கோட்டையை மீட்கிறான். அவனை ஒவ்வோர் ஆறாகக் கடத்திவிட்டுக் கூடவே வருகிறாள் ஒரு படகுக்காரி.

ஒவ்வொரு பாகத்தையும் முடித்தவர் தன் கையால் ஒரு நோட்டில் கருத்து எழுதி, பத்துக்கு மார்க் போட்டு, கையெழுத்திட வேண்டும். முடிக்காதவர் வாய் திறக்கக் கூடாது. ஒருவருக்காக இன்னொருவர் எழுதுவதும் கூடாது. கூட்டத்தின் சட்டம் அது.

முதல் பாகத்துக்கு அவள் எழுதியிருந்தாள்: "முந்நூறு பேர் பதினாறு நாள் மலை ஏறுகிறார்கள். சமைத்தது யார் என்று ஒரு வரி இல்லை. ஆறு மார்க்." இரண்டாம் பாகத்துக்கு: "ஏழு. ஏழும் படகுக்காரிக்கே. ராஜா வேண்டுமானால் அவளிடம் கடன் வாங்கிக்கொள்ளட்டும்."

மூன்றாம் பாகத்தின் நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி என்றார்கள். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆறாம் நாள் இல்லை.

எல்லாம் முடிந்த மறுநாள் கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். என்ன பேசுவது என்று தெரியாமல் தனக்குத் தெரிந்ததைக் கேட்டுவைத்தார்.

"மூணாம் பாகம் எதுவரைக்கும் வந்திருந்தாங்க?"

"முடிச்சுட்டா."

"அப்படியா? கடைசியா என்ன சொன்னாங்க?"

அவர் கேட்டது புத்தகத்தைப் பற்றி. அவன் காதில் அது வேறொரு கேள்வியாக விழுந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மாமியாரும் அந்தக் கேள்விக்குத்தான் முகத்தைத் திருப்பினார். உண்மையைச் சொன்னால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி வரும்: அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? அதற்கு அவனிடம் இருந்த பதில் ஒரு சொல்தான். தூங்கினேன். கட்டிலுக்குப் பக்கத்தில், நாற்காலியில், வாயைத் திறந்துகொண்டு.

"முடிவு அழகா இருக்குன்னு சொன்னா. அதுதான் கடைசியா பேசினது" என்றான்.

மாமியார் அப்போதுதான் முதன்முறையாக அழுதார். அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்தார். சொன்ன சொல்லை இனி எப்படித் திரும்ப எடுப்பது?

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அவன் பார்த்ததே இல்லை.

நான்கு மாதம் கழித்து, இந்தச் சனிக்கிழமை மதியம் கண்ணாடிக்கடைக்காரர் அவன் வேலையிடத்துக்கே வந்துவிட்டார். அது தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம். கிணறு, குழாய், தொட்டி என்று எங்கெங்கிருந்தோ வந்த பாட்டில்கள் வரிசையாக நின்றன.

"உள்ளே வரலாமா, இல்லே என்னையும் பாட்டில்ல அடைச்சு டெஸ்ட் பண்ணிடுவீங்களா?"

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

வந்தவர் மேசையில் ஒரு சிறு கட்டுத் தாளை வைத்தார். பெரிய புத்தகத்தைப் பற்றிய எல்லாருடைய கருத்துகளையும் சிறு நூலாகப் போடுகிறார்களாம். முப்பத்திரண்டு பக்கம்.

"படிச்சுப் பாருங்க, சிரிப்பீங்க. நம்ம தளபதி இருக்காரே, அந்த பஸ் கண்டக்டர், அவரு போர்க்கள வரைபடம் தப்புன்னு மூணு பக்கம் எழுதியிருக்காரு. தெற்குவாசல் பக்கம் படையை நிறுத்தினதுக்கு எழுத்தாளரைக் கோர்ட்டுல நிறுத்தணுமாம். பிழை அக்கா நாப்பத்தோரு எழுத்துப் பிழையைப் பட்டியல் போட்டுட்டு, கீழே ஒரே வரி: 'மற்றபடி நன்று'."

அவன் புரட்டினான். சிரிப்பு வரவில்லை. ஆனால் சிரிக்க வேண்டிய இடம் எது என்று தெரிந்தது.

"முதல் பக்கம் பாத்தீங்களா?"

முதல் பக்கத்தில் அவள் படம். கூரியர் அலுவலக அடையாள அட்டைக்கு எடுத்தது, முறைக்கிற மாதிரி இருக்கும். அதன் கீழே தடித்த எழுத்தில்: "முடிவு அழகாக இருக்கிறது." அதற்கும் கீழே, மூன்றாம் பாகம், பத்துக்குப் பத்து.

"பத்து யாரு போட்டது?"

"அழகுன்னு சொன்னா பத்துதானே?" என்றார் அவர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "சொன்னவங்க கையெழுத்து இல்லாம எதையும் ஏத்துறதில்லே, எங்க வழக்கம் தெரியுமில்லே. நீங்க போட்டாப் போதும்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு அச்சுக்குப் போகுது" என்றார்.

அவன் பேனாவை எடுத்தான். ஒரு நாளைக்கு நாற்பது அறிக்கையில் கையெழுத்துப் போடுவது அவன் வேலை. போன வாரம் ஒரு பாட்டில் வழியிலேயே விரிசல் விட்டு, வந்து சேரும்போது காலியாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் அறிக்கையில் போன மாதச் சோதனை எண்களையே எழுதிக் கொண்டுவந்தாள். அவன் திட்டவில்லை. எண்களை அடித்துவிட்டு, 'மாதிரி கிடைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

"என்ன, பேனா எழுதலையா? என்கிட்டே இருக்கு."

"எழுதுது" என்றான். "நாளைக்குக் காலையில தரேன்."

சனிக்கிழமை சாயங்காலங்களில் அவன் மாமியார் வீட்டுக்குப் போவான். ஓர் அறை, ஒரு சமையலறை, மூன்றாம் மாடி. பெண்கள் விடுதியில் இருபத்தாறு வருடம் சமையல்காரியாக இருந்து, முட்டி தேய்ந்து ஓய்ந்தவர் அத்தை. அத்தனை வருடத்தில் அவர் வாசித்தது சாமான் பட்டியல்தான். அப்படிப்பட்டவர், மகள் போன மறுவாரமே முதல் பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எழுத்துக் கூட்டாத குறையாக ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம், பிறகு இருபது, பிறகு முப்பது. சனிக்கிழமைதோறும் அவனுக்குக் கருத்து கிடைத்தது.

"ஏன் மாப்பிள்ளை, இந்த ராஜாவுக்கு மட்டும் மூணு பேரு. பொறந்தப்ப ஒண்ணு, ஓடுனப்ப ஒண்ணு, ஜெயிச்சப்ப ஒண்ணு. ஒரே ஆளான்னு காலண்டர் தாள்ல எழுதி வெச்சுக்கிட்டுப் படிக்கிறேன்."

இன்னொரு வாரம்: "பதினாறு நாள் மலை ஏறுறானுங்க. ஒரு அடுப்பு கூட மூட்டல. காத்தைக் குடிச்சா ஏறினானுங்க?"

மகளும் அதையேதான் எழுதியிருக்கிறாள் என்று அவன் சொன்னதும் அத்தையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துபோனது. "பின்னே, என் வயித்துல பொறந்தவளாச்சே" என்றார்.

இன்று அவன் போனபோது மூன்றாம் பாகம் மேசைமேல் மூடிக் கிடந்தது. அத்தை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"முடிச்சுட்டேன்."

"சரி, அத்தை."

"நீங்க படிச்சிருக்கீங்களா?"

"கொஞ்சம் வாசிச்சுக் காட்டினேன். ஆஸ்பத்திரியில. அவ கையில டிரிப்ஸ் ஊசி இருந்துச்சு, புக்கைப் பிடிக்க முடியல."

"முடிவு?"

அவன் மேசைமேல் கிடந்த புத்தகத்தைப் பார்த்தான்.

"படகுக்காரி செத்துட்டா, மாப்பிள்ளை."

அவனுக்கு அது தெரியாது. முகத்தைச் சரிசெய்து கொள்வதற்குள் அத்தை பார்த்துவிட்டார்.

"ஒரு வரி. மூணு பாகமும் அவனைத் தூக்கிச் சுமந்தவளுக்கு ஒரே ஒரு வரி. ஆத்தோட போயிட்டாளாம், அவ்வளவுதான். அடுத்த பக்கத்துலே அவன் மகுடம் வெச்சுக்கிறான். அந்த மகுடத்துல என்னென்ன கல்லு இருக்குன்னு மட்டும் பதினோரு பக்கம். எண்ணிப் பாத்தேன்." அத்தை கண்ணாடியை மடக்கினார். "இதையா என் பொண்ணு அழகுன்னு சொன்னா?"

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். அது கிளம்ப மறுத்தது.

"சொல்லியிருக்க மாட்டா. புக்கைத் தூக்கிச் சுவத்துல அடிச்சிருப்பா. எட்டாங்கிளாஸ் பாடத்துல ஒரு வேலைக்காரி செத்துப்போனான்னு வாத்தியார்கூட ரெண்டு நாள் பேசாம இருந்தவ அவ. பாவம், அந்த மனுஷன் என்கிட்டே வந்து, நான் சாகடிக்கலீங்கம்மான்னு சொல்லிட்டுப் போனாரு."

சொல்லும்போது அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியில் நின்றது.

"நாலு மாசமா அந்த ஒரு வார்த்தையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுதான் நான் கண்ணை மூடுறேன். அழகா எதையோ பாத்துட்டுப் போயிருக்கா என் பொண்ணு, அது என்னன்னு நானும் பாக்கணும்னுதான் இந்தச் செங்கல்லைத் தூக்கினேன். இதுல அப்படி ஒண்ணும் இல்லையே, மாப்பிள்ளை."

இன்னொரு பொய்க்கு வழி இருந்தது. மயக்கத்தில் இருந்தாள், புரியாமல் சொல்லியிருப்பாள் என்று சொல்லலாம். அத்தை நம்பியும் விடுவார். ஆனால் அவள் எதையும் புரியாமல் படித்தவள் இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவளை மக்காக்க வேண்டும். அவனால் அது முடியவில்லை.

"அவ முடிக்கல, அத்தை" என்றான். "நானூத்திப் பன்னெண்டாம் பக்கம் வரைக்கும்தான்."

"பின்னே ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நான் தூங்கிட்டேன்."

அத்தைக்கு உடனே பிடிபடவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு மீதியையும் சொன்னான். ரெண்டு நாளா கண்ணு மூடல. மத்தியானம் மூணரை மணி. வாசிச்சுட்டே இருந்தேன். நாற்காலியிலேயே தூங்கிட்டேன். முழிச்சுப் பாக்கும்போது அஞ்சு. கட்டிலைச் சுத்தி மூணு பேரு நின்னாங்க. பக்கத்துல இருந்தேன், அத்தை. பக்கத்துலயேதான் இருந்தேன். எனக்கு எதுவும் தெரியாது.

ஸ்கூட்டர் கிளம்பிப் போய்விட்டது. அத்தை எழுந்து சமையலறைக்குப் போனார். குழாயைத் திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் கேட்டன. வெகுநேரம் அங்கேயே நின்றார். அவன் பையிலிருந்து அந்தத் தாள்கட்டை எடுத்தான். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தை ஒரே கோடாக அடித்தான். பத்தையும் அடித்தான். ஓரத்தில் எழுதினான்: "412ஆம் பக்கம் வரை படித்தார். முடிவு பற்றிக் கருத்து கிடைக்கவில்லை." கீழே கையெழுத்துப் போட்டான். அது மட்டும்தான் அவன் கண்ணால் பார்த்தது.

அத்தை வந்து அவன் தோளுக்கு மேலாக அதைப் படித்தார். எதிரே உட்கார்ந்தார். முகம் நனைந்திருந்தது. தண்ணீரா என்று தெரியவில்லை.

"அப்போ கடைசியா என்னதான் சொன்னா?"

"பெருசா ஒண்ணும் இல்லே, அத்தை."

"பெருசா எனக்கு வேண்டாம். சொன்னதைச் சொல்லுங்க."

அன்று அவன் வாசித்தது கோட்டை முற்றுகை நடந்துகொண்டிருந்த பகுதி. வாளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். அவன் நாக்கு குழறி, ஒரே வரியை மூன்று தடவை வாசித்துவிட்டான். அவள் ஊசி இல்லாத கையை நீட்டி, அவன் விரல் உள்ளே இருக்கும்போதே புத்தகத்தை மூடினாள். மூடிவிட்டுச் சொன்னாள்:

"தூங்குடா கொஞ்ச நேரம். கோட்டை எப்படியும் இன்னிக்கு விழாது."