முந்தானைக்குள் கை

கண்டிக்குப் போகும் பஸ்ஸில் புஷ்பராணியின் இரண்டு கைகளும் அம்மாவின் முந்தானைக்குள் சுற்றிக் கிடந்தன. ஏழு வயது. காது கேட்காது, வாயும் பேசாது. அவளுக்குப் பேச்சென்றால் கைதான்.

புத்தரின் பல் இருக்கிற மாளிகையில் குண்டு வெடித்த பிறகு கண்டிக்குள் நுழைகிற இடமெல்லாம் துவக்கும் கையுமாக ஆமி நின்றது. போன தடவை பஸ்ஸில் ஏறிய ஆமிக்காரனைப் பற்றி அம்மாவிடம் கேட்க, பிள்ளை இரண்டு கையாலும் துவக்கு பிடிப்பதுபோல் காட்டினாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து இறக்கினான். அம்மா வேலாயியும் பின்னாலேயே விழுந்தடித்து இறங்கினாள். வெயில் சாயும்வரை இருவரையும் ரோட்டோரம் உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

அதிலிருந்து தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் தினமும் பழக்கினாள். கை எழும்பினால் அடி. பிறகு முந்தானைக்குள் சுற்று.

"புள்ளைய கொன்னுருவ போலருக்கே" என்றான் புருஷன் செல்லச்சாமி.

"நான் அடிச்சா வீங்கும். அவன் அடிச்சா புள்ள இருக்குமா?"

காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் பெரிய மிஸ் சிங்களம். பக்கத்தில் யாழ்ப்பாணத்துப் பத்மாதேவி டீச்சர். மாடு, மரம், பஸ் என்று மேசையில் படங்களை வைத்து, செய்து காட்டு என்று டீச்சர் கையால் கேட்டாள். பிள்ளை கையை எடுக்கவில்லை. முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

பெரிய மிஸ் சிங்களத்தில் ஏதோ சொன்னாள்.

"பிள்ளைக்கு விளக்கம் காணாதாம். இருக்கிறது ஒரு இடம்தான். விளங்கிற பிள்ளைக்குக் குடுக்கோணுமாம்" என்றாள் டீச்சர்.

"எல்லாம் வெளங்கும்ங்க டீச்சர். கங்காணி மாதிரியே நடந்து காட்டி லயத்தையே சிரிக்க வைக்கும்ங்க."

"ஓம், அப்ப நீங்களே கையால கேளுங்கோ."

வேலாயி ஜன்னலைப் பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மணல் மூட்டை, அதன்மேல் துவக்கு முனை. கையைத் தூக்கினால் ஆமிக்காரன் பார்ப்பான். தூக்காவிட்டால் பிள்ளைக்குக் காலம் முழுக்க லயத்துக் காம்பராவின் நாலு சுவர்தான். கொழுந்து கிள்ளி முதுகுக் கூடையில் போடுவதுபோல் செய்து காட்டினாள்.

புஷ்பராணியும் ஜன்னலைப் பார்த்தாள். பாய்ந்து அம்மாவின் கைகளைப் பிடித்து முந்தானைக்குள் திணித்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். பிறகு அம்மாவின் கையில் பட்டென்று ஓர் அடி.

"நான் பழக்குனதுங்க" என்று வேலாயி அழுதாள். "ஆமிக்காரன் பாப்பான்னு..."

டீச்சர் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். "எங்கட அறையிலயும் நாங்கள் ஜன்னல் திறக்கிறேல்லை" என்றாள் மெதுவாக.

சாத்திய ஜன்னலைப் பிள்ளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு கை வெளியே வந்தது. தலையில் இரண்டு கொம்பு முளைத்தது. பெரிய மிஸ் சிரித்துவிட்டாள்.

"சித்திரை லீவு முடியக் கொண்டுவந்து விடுங்கோ. இங்கயே தங்கிப் படிக்கட்டும்" என்றாள் டீச்சர்.

திரும்பும் பஸ்ஸில் அந்தக் கைகள் ஓயவேயில்லை. மாடு, மரம், சிரிக்கிற மிஸ். ஆமித் தடையில் பஸ் நின்றது. ஆமிக்காரன் ஏறினான். வேலாயியின் கை தானாக முந்தானைக்குப் போனது. இப்போது சுற்றினால் சித்திரைக்கு அவிழாது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மாத்தயா, கன் எஹென்னே நே... காது கேக்காதுங்க" என்றாள்.

அவன் பிள்ளையின் கைகளையே பார்த்தான். பிறகு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தான்.

அவன் முதுகுக்குப் பின்னால் புஷ்பராணி இரண்டு கையாலும் துவக்கு பிடிப்பதுபோல் காட்டி, அன்று இறக்கியவன் இவன்தானே என்று கேட்டாள்.

வேலாயி அடிக்கவில்லை. திரும்பிவிடாதே, திரும்பிவிடாதே என்று அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.